ஊர்ல தெரிஞ்சவர்

"யாராவது பூர்வீகம் கேட்டா தல்லாகுளம்னு சொல்லிடு" என்றான் ஜெயந்த். ஒன்பது வருடத்துக்கு முன்பு, பரவைக்குக் குடிவந்த அன்று, சாமான் லாரிக்குப் பின்னால் பைக்கில் போகும்போது.

"அங்க நான் ஒரு நா கூட இருந்ததில்லையே."

"எங்க தாத்தா இருந்தார். போதும்."

நாகஜோதி அவன் முதுகில் சாய்ந்தபடி சிரித்தாள். காதலித்துக் கட்டியவனுக்குக் கொண்டுவரும் சீரில் ஒரு பொய்யும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அதன்பிறகு 'அம்புட்டு' நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம் விழுங்கி, 'அவ்ளோ' என்று சொல்லப் பழகினாள். நான்கு வருடம் முன்பு அவள் அப்பா உக்கிரபாண்டி கடலை மூட்டையோடு வந்து இறங்கியபோது, எதிர்வீட்டாரிடம் ஜெயந்த், "ஊர்ல தெரிஞ்சவர்" என்றான். அப்பா அவளைப் பார்க்காமல் மூட்டையைச் சுவரோரம் நகர்த்தினார். நாகஜோதி காபி கலக்க உள்ளே போய்விட்டாள்.

இன்று பக்கத்து வீட்டு ஸ்யாமளா மாமி நோட்டோடு வந்திருந்தாள். குடியிருப்போர் சங்கம் முகவரிப் புத்தகம் போடுகிறதாம். பெயர், போன் நம்பர், பூர்வீகம், குலதெய்வம். கடைசி இரண்டும் எதற்கென்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. மாமி காபியை உறிஞ்சிக்கொண்டே தெருத்தெருவாகப் பிரித்தாள். இரண்டாம் தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். கார்னர் வீடு கமுதிப் பக்கம்.

"மதுரைதான்னு சாதிக்கறா. குலதெய்வம் எதுன்னு கேட்டேனோ இல்லையோ, முழிக்கறா" என்று மூக்கைச் சுளித்தாள்.

ஜெயந்த் சிரித்தான். நாகஜோதியும் சிரித்தாள். சிரித்த வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது.

"நமக்குத் தல்லாகுளம்" என்றான் ஜெயந்த். மாமி எழுதத் தொடங்கியபோது உள்ளறைக் கதவு திறந்தது. கண் ஆபரேஷனுக்கு வந்து மூன்று நாளாக அங்கேயே படுத்திருந்த அப்பா, பச்சைத் துணி மறைத்த கண்ணோடு சுவரைத் தடவிக்கொண்டு வந்தார்.

"இவர் யாரு?" என்றாள் மாமி.

ஜெயந்த் வாய் திறப்பதற்குள் அப்பாவே முந்திக்கொண்டார். "ஊர்ல தெரிஞ்சவன் தாயி. ரெண்டு நாள்ல போயிருவேன்."

அத்தனை சரளமாக வந்தது. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இந்த வீட்டு வாசலில் நின்று தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறார். நாகஜோதி அவர் கையைப் பிடித்து, மாமிக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"என்னங்க," என்றாள் ஜெயந்திடம். "இவரு எங்கப்பான்னு உங்க வாயால ஒருவாட்டி சொல்லுங்க. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

'தல்லா' வரை எழுதியிருந்த பேனா, அங்கேயே நின்றது.