கருவாடு காயும் கோயில்

1

இந்தக் கதை எனக்கு முள்ளியவளைச் சந்தையில் கிடைத்தது. கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஏரம்பு, "மனிசி சோறு தின்னாமல் கிடந்தா, பிள்ளையைப் பள்ளிக்கூடமும் விடேல்லை" என்று தொடங்கினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கதை என்னுடையதாகிவிட்டது. கத்தரிக்காய் வாங்க மறந்துபோனேன்.

இதை என்னை விட நன்றாக எழுத ஆளில்லை. ஆனாலும் தொடக்கம் வழுக்கியது.

"துயரம் தோய்ந்த ஒரு காலையில்—" (துயரம் என்று நானே சொல்லிவிட்டால் வாசிக்கிற உங்களுக்கு என்ன வேலை?)

"கடல் அன்று அழுதுகொண்டு—" (கடல் அழாது. வெட்டு.)

சரி, நேராக வருகிறேன்.

2

பத்மாசனி ஏரம்புவின் மனைவி. 2001 பங்குனியில் மாதர் சங்கத்தார் அவளையும் உழவு மிசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றி, முல்லைத்தீவுக் கரையில் ஒரு கோயிலைப் பார்க்கக் கொண்டுபோனார்கள். வேதக்காரரின், அதாவது கிறிஸ்தவர்களின், கோயில். சில வருடங்களுக்கு முன், பூசை நேரத்தில் அதன் மேல் குண்டு விழுந்தது. இப்போது கூரை இல்லை. சீமெந்து நிலமும் ஒரு சுவரும்தான் மிச்சம். சுவரோரம் பிள்ளைகளின் செருப்புகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு சோடி, பத்மாசனியின் மகள் சாரங்காவின் காலளவு.

கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த ஜோசப்பின் என்ற பெண் வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்தார். அவருடைய கணவர் கிறிஸ்தோப்பர் அந்த நிலத்தில்தான் செத்தார்.

புறப்படும்போது பத்மாசனி பிழை விட்டாள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபடி, வாய்ப் பழக்கத்தில், "அக்கா, போயிட்டு வாறன்" என்றாள்.

(எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் அப்படிச் சொல்வதில்லை. பேசாமல் எழும்பி நடந்துவிடுவார்கள். சொன்னால் சாவு திரும்பக் கூப்பிடும் என்று பயம்.)

"எந்த இடத்தில நிண்டு என்ன கதைக்கிறாய்?" என்று சங்கத் தலைவி சிவலட்சுமி மிசின் பெட்டிக்குள் அவளைக் கிள்ளினாள்.

3

வீட்டுக்கு வந்து தலைமுழுகினாள். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் செருப்பு. காலையில் சாரங்காவை மறித்துக்கொண்டு வாசல் படலையில் நின்றாள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை. ஆவணியில் புலமைப்பரிசில் சோதனை.

"அம்மா, எல்லாரும் போகினம்" என்று பிள்ளை அழுதது.

"செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள போ."

அடுத்த நாளும் அப்படித்தான். அடுத்த கிழமையும்.

இங்கே எனக்குப் பத்மாசனி மேல் சந்தேகம் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் குண்டுக்கு ஓடியவள். பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டவள். வேறு ஊரில் எப்போதோ விழுந்த குண்டு இவளை எப்படி முடக்கும்? இதை நம்புவீர்களா?

நான் நம்பினேன். ஓடும்போது கைக்கு வேலை இருக்கிறது: பிள்ளையைத் தூக்கு, பானையைக் கட்டு, மாட்டை அவிழ்த்துவிடு. பார்க்கப் போனவளுக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா நின்று பார்த்தாள். பார்த்ததெல்லாம் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

(பத்மாசனி இதை ஒத்துக்கொள்ளமாட்டாள். "வாறன்" என்று சொன்னதுதான் காரணம் என்பாள். அவள் கதை, அவள் சொல்வதும் இருக்கட்டும்.)

4

ஆகவே திரும்பப் போனாள். ஏரம்பு சைக்கிளில் ஏற்றிப் போனார். போய், கொஞ்சம் நின்று, இந்தத் தரம் வாயே திறக்காமல் திரும்புவது. அப்படிச் சொன்ன சொல்லைக் கழிப்பது. அதுதான் திட்டம்.

கோயில் நிலம் முழுக்கக் கருவாடு.

திட்டம் அங்கேயே உடைந்தது. "அக்கா, இதிலயோ காயப்போடுறியள்?" பத்மாசனி கேட்டுவிட்டாள்.

"வேற எங்க தங்கச்சி? வெயில் விழுற சீமெந்து நிலம் இதுதானே இருக்கு. கிறிஸ்தோப்பருக்குக் கருவாட்டு மணம் புதுசே?" ஜோசப்பின் காகத்தைக் கலைத்தார். "சும்மா நிக்காதேங்கோ. அந்தப் பக்கத்தைப் பிரட்டிவிடுங்கோ."

பத்மாசனி குந்தினாள். பிரட்டினாள். செருப்புக் குவியல் வரை பிரட்டிக்கொண்டே போனாள். அங்கே அழுகை வந்தது. மூக்கைத் தோளில் துடைத்துவிட்டு அடுத்த வரிசையைத் தொடங்கினாள். வெயில் ஏறியபோது பசித்தது. ஜோசப்பினின் குசினியில் மீன் குழம்போடு சோறு தின்றாள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள்.

பிறகு திட்டம் நினைவுக்கு வந்து, பேசாமல் எழும்பிப் படலைக்கு நடந்தாள்.

"சொல்லாமலோ போறியள்?" ஜோசப்பின் பின்னாலே வந்தார். "வாற சனம் முழுக்க அழும், தேத்தண்ணியைக் குடிக்கும், பேசாமல் எழும்பிப் போகும். வாறன் எண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான். வருவீங்கள் எண்டு நான் பாத்துக்கொண்டு இருந்தனான். தங்கச்சி, இது செத்தவீடில்லை. நான் இருக்கிற வீடு."

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பத்மாசனி "வாறன்" என்று சொல்கிறாள், ஜோசப்பின் சிரிக்கிறார். எனக்கே திகட்டியது, கிழித்துவிட்டேன். மற்றதில் அவள் பேசாமல் சைக்கிளில் ஏறி—

கை வரவில்லை.

ஏரம்புவைக் கேட்டேன். அவர் அப்போது வெளியே, கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தாராம். "என்ன சொன்னவா எண்டு எனக்குக் கேக்கேல்லை. திங்கக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போச்சு. அது காணும்" என்றார்.

அவருக்கு அது போதும். எனக்குக் காணாது. உங்களுக்கு?

நீங்களும் அந்த இடத்தைப் பார்க்க வந்தவர்தான். செருப்பைப் பார்த்தீர்கள். நான் தந்த தேத்தண்ணீரைக் குடித்தீர்கள். இப்போது எழும்பப் போகிறீர்கள். ஜோசப்பின் படலையில் நிற்கிறார்.