மாப்பிள்ளை நாற்காலியில் ஒரு நேர்காணல்

கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் கவிநிலாவுக்கு இடம் கொடுத்துவிட்டது. கட்டணத்துக்கு உதவி வேண்டுமென்றால் பெற்றோரோடு வீடியோவில் பேச வேண்டும், குடும்ப நிலைமையைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றது.

அவள் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். "வூடு எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும்பா. நீ ஒண்ணும் பண்ணாத."

அப்பா சுப்பன் தலையாட்டினார். அடி அண்ணாமலை கிராமத்தில் இரண்டு ஏக்கரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிறவர். வெளியாள் முன்னால் இல்லாமையைச் சொல்வதும் கோவணத்தோடு பஸ் ஏறுவதும் அவருக்கு ஒன்று.

சாயங்காலம் டவுனிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் சிவப்பு வெல்வெட்டும் தங்க நிறச் சிங்கத்தலைகளுமாக, கல்யாண மேடையில் மாப்பிள்ளை உட்காரும் நாற்காலி. அதில் சலவை வேட்டியோடு அப்பா.

"இன்னாப்பா இது?"

"டெக்கரேஷன் முருகையன்கிட்ட கேட்டேன். எட்டு மணிக்குத்தான் ரிசப்ஷனாம். அதுவரைக்கும் வச்சுக்கோங்கன்னுட்டான்."

"நான் சொன்னா எங்க கேக்குறாரு," என்றாள் அம்மா ராணியம்மாள்.

அதற்குள் லேப்டாப் அழைத்தது. திரையில் உதவித்தொகை அதிகாரி மார்த்தா. நாற்காலியை உற்றுப் பார்த்துவிட்டு, "அரச குடும்பமா?" என்று கேட்டார். கேலி இல்லை. குறித்துக்கொள்ளப் பேனாவோடு காத்திருந்தார்.

"இல்லை, விவசாயம்," என்றாள் கவிநிலா ஆங்கிலத்தில்.

"செலவுக்குச் சிரமப்படுகிறாரா என்று அப்பாவைக் கேளுங்கள்."

"நமக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்லு," என்று சுப்பன் மூன்று விரலைக் காட்டினார். "மூணு மாடு இருக்குது."

"மூன்று வருஷமாக மழை இல்லை என்கிறார்," என்றாள் கவிநிலா.

அப்போதுதான் முருகையன் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தான். "மாமா, எந்திரிங்க. மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்துட்டாராம்." சுப்பன் எழுந்தார். நாற்காலி கிளம்பியது. சிங்கத்தலை வாசல் நிலையில் மாட்டிக்கொள்ள, மூவரும் முக்கித் திருப்பி வெளியே எடுத்தார்கள். திரையில் சுப்பனின் இடுப்பு மட்டும் தெரிந்தது.

மார்த்தாவின் முகம் வெளுத்துவிட்டது. "கடன்காரர்களா? பொருளை ஜப்தி செய்கிறார்களா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும், முழு உதவியும் வந்துவிடும். கவிநிலா வாயைத் திறந்தாள். இடுப்புக்கு மேலே அப்பாவைப் பார்த்தாள். அவர் வேட்டியை நீவிக்கொண்டு கம்பீரமாகத்தான் நின்றிருந்தார். அவளால் முடியவில்லை. நாற்காலி இரவல் என்பது, மாடு மூன்று என்பது, போன வருஷம் நல்ல மழை என்பது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உங்கள் முன்னால் ஏழையாக உட்கார அப்பாவுக்குக் கூச்சம் என்றும் சொன்னாள்.

மார்த்தா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு மாடுகளைக் காட்டச் சொன்னார். கால் மணி நேரம் தொழுவத்திலேயே போனது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி.

ஊருக்குள் சுப்பன் சொன்னது வேறு. "ஃபீஸ் ஃபுல்லா நம்ம கைக்காசுதான்," என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தார். அந்த வாரத்துக்குள் நான்கு சொந்தக்காரர்கள் கைமாற்று கேட்டு வீடேறினார்கள். மகள் விமானம் ஏறும்வரை சுப்பன் பகலெல்லாம் வயலில் மோட்டார் கொட்டகையிலேயே இருந்தார். சாப்பாடும் அங்கேதான் போனது.