கடற்குதிரை மேசை

மருத்துவக் கல்லூரிகளுக்கு மாதிரி மூளை செய்துகொடுத்த அந்தப் பட்டறையில், எட்டுப் பாகங்களையும் பொருத்தி முழு மூளையாக எவரும் பார்த்ததில்லை. பொருத்தக் கூடாதென்று எவரும் சொன்னதுமில்லை. பாகங்கள் தனித்தனிப் பெட்டிகளில் போய்ச் சேர்ந்தன. ஒரே பாகத்துக்கு ஆண்டுக்கணக்கில் வண்ணம் பூசியவர்களிடம் அதன் வேலை மட்டும் தடித்து வளர்ந்தது, மற்றவை மெலிந்தன. சிறுமூளை மேசைக்காரர் விளிம்பு ததும்பும் தேநீர்த் தட்டோடு சுற்றுச்சுவரின் மேல் நடந்து வருவார். ஒரு சொட்டு சிந்தாது. பார்வைக்குரிய பின்மடலைப் பூசியவள் மூடிய டிபன் டப்பாவுக்குள் இருப்பதைச் சொல்லிவிடுவாள். வேறு மேசைக்கு மாறினால் அன்றே அது வடிந்துவிடும்.

நினைவைச் சேர்த்துவைக்கும், கடற்குதிரைபோல் வளைந்த ஹிப்போகாம்பஸ் ஒருவனுடைய மேசை. அச்சத்தைக் காக்கும், பாதாம்பருப்பு அளவேயான அமிக்டலா அவன் மனைவியுடையது. மண்டைக்குள் அவ்விரண்டும் ஒட்டியிருப்பதால் மேசைகளும் ஒட்டியே போடப்பட்டிருந்தன. திருமணம் அப்படித்தான் நடந்தது. பதினோரு ஆண்டுகளில் அவன் எதையும் மறக்கவில்லை, அவள் எதையும் நம்பவில்லை. சிரித்தால் யாரை நினைத்துச் சிரித்தானென்று கேட்டாள். சிரிக்காவிட்டால் யாருக்காக அடக்கினானென்று கேட்டாள்.

ஒரு காலை, பட்டறை வாசலில் அவன், "உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன், அது என்னன்னா..." என்று தொடங்கியபோது மணி அடித்தது. அன்று அவனை முடிவெடுக்கும் முன்மடல் மேசைக்கு மாற்றினார்கள். மாலைப் பேருந்தில் அவளிடம், "நீங்க எங்க இறங்கணும்?" என்றான். அவள்தான் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனாள். சாதக பாதகங்களை எழுதிப் பார்த்தபின், அவளோடு தொடர்ந்து வாழ்வதே நடைமுறைக்கு உகந்ததென அவன் முடிவு செய்தான்.

மூன்று ஆண்டுகள் 'நீங்க' என்றே அழைத்தான். நடிக்கிறானென்று அவள் சந்தேகித்தாள். திடீரெனப் பழைய சண்டையொன்றை இழுத்துப் பார்த்தாள்; அவன் மரியாதையாக மன்னிப்புக் கேட்டான். அந்தப் பாதி வாக்கியத்தை நூறு விதமாக முடித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் வேறொரு பெண் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், எல்லோரும் பார்த்திருக்க, எட்டு மேசைகளிலிருந்தும் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தத் தொடங்கினாள். சிறுமூளைக்காரர், "வேணாம்மா, விட்டுடும்மா" என்றார். கடைசியாகக் கடற்குதிரையின் முனையில் பாதாம்பருப்பு போய் உட்கார்ந்தபோது, அவர் கையிலிருந்த தேநீர் முதன்முறையாகச் சிந்தியது. அவள் கணவன் தூரிகையைக் கீழே வைத்தான்.

"அது என்னன்னா, மேசைய மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்ததே நான்தான். நீ சந்தேகப்பட்ட ஒவ்வொரு நாளும் தேதியோட ஞாபகம் இருந்துச்சு. தாங்க முடியல."

அவளுக்கு முதலில் அந்த 'நீ' மட்டும்தான் கேட்டது. மற்றது பிறகு கேட்டது.

"பிரிச்சு வெச்சிடட்டுமாங்க?" என்றாள்.

அவன் அந்த மூளையை மேசை நடுவுக்கு நகர்த்தினான். "வேணாம். இருக்கட்டும்."

மேலாளர் வந்து, முழு மூளையின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் போனார். அவள் அந்தத் துணியை எடுத்து, நான்காக மடித்து, இழுப்பறைக்குள் வைத்தாள்.