சின்ன ர, பெரிய ற

விமானிகள் வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ஓயாத சண்டை. ஒற்றை எஞ்சின் விமானம் மேலெழும்பியதும் எஞ்சின் நின்றுவிட்டால், ஓடுபாதைக்கே திரும்புவதா, எதிரே தெரிகிற வயலில் இறங்குவதா?

இரண்டு நாள் தொடர்ந்து பறந்த அலுப்பில், "திரும்பாதீங்கப்பா, நேரா இரங்குங்க" என்று தட்டிவிட்டேன்.

ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் பிடித்துக்கொண்டார். "தம்பி, அங்க பெரிய ற வரணும். சின்ன ர போட்டா இரங்கல் கூட்டம்தான்."

அவ்வளவுதான். எஞ்சின் எக்கேடு கெட்டால் என்ன என்று ஆளாளுக்கு இலக்கணத்தில் இறங்கிவிட்டார்கள்.

என் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் போனை நீட்டினேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு மறுபடி காலரைத் தேய்த்தாள்.

"இதுல என்ன சண்டை? நேரா போனா பெரிய ற. திரும்பினா சின்ன ர."