இடது காலின் வேலை

நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு. என் மைத்துனன் எனக்குத் தரவேண்டிய பணம் அது. போனஸ் வந்த அன்று சாயங்காலமே கையில் தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். போனஸ் வந்தது. சாயங்காலமும் வந்தது. அவன் வரவில்லை, போன்தான் வந்தது. "மாமா, அக்காவையும் கூட்டிக்கிட்டு நாளைக்குக் கார் ஷோரூமுக்கு வாங்க. ஒரு விஷயம் இருக்கு."

"அங்க வச்சுக் குடுப்பான் போல" என்றாள் என் மனைவி. வாங்கின கடனைத் திருப்பித் தர எவனாவது கார்க் கடைக்குக் கூப்பிடுவானா என்று கேட்டேன். "என் தம்பின்னா மட்டும் உங்களுக்கு எல்லாமே குத்தமாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

அந்தப் பணம் என் இடது முழங்காலுக்கு ஆக வேண்டியது. இருபது வருடத்துக்கு மேல் நகரசபைக் குப்பை லாரி ஓட்டியவன் நான். தெருவில் எத்தனை வாசலோ அத்தனை நிறுத்தம், நிறுத்தத்துக்கு ரெண்டு தடவை கிளட்ச். பழைய லாரியின் கிளட்ச்சை அமுக்குவது என்றால் காலால் ஆகிற காரியமில்லை, இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் இறக்க வேண்டும். முழங்கால் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். லாரியிலிருந்து இறக்கி என்னைக் குப்பை பிரிக்கிற ஓடும் பெல்ட்டின் முன்னால் நிறுத்தினார்கள். அடுத்த வருடமே கிளட்ச் இல்லாத புது லாரிகள் வந்தன. இப்போது பையன்கள் இடது காலை மடக்கி வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டபடி குப்பை அள்ளுகிறார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆபரேஷனுக்கு முன்பணத்தை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

ஷோரூமில் தரை அப்படிப் பளபளத்தது, செருப்பை எங்கே கழற்றுவது என்று தேடினேன். நடுவில் சிவப்பு நிறத்தில் ஒரு கார், அதன் மேல் துணி. மைத்துனன் துணியை உருவினான். மனைவி கைதட்டினாள். நான் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று பெடல்.

"கியர் வண்டியாடா?"

"ஆமா மாமா!" என்றான், பெண் குழந்தை பிறந்த செய்தி சொல்கிறவனைப் போல.

டை கட்டிய விற்பனைப் பையன் உடனே வந்து சேர்ந்துகொண்டான். "இப்ப புதுசா வாங்குறவங்க கியர்தான் சார் கேக்குறாங்க. அதுவும் சின்ன வயசு ஆளுங்க. புக் பண்ணிட்டு மாசக்கணக்குல காத்துக்கிட்டிருக்காங்க. இவருக்கு ஒருத்தர் கேன்சல் பண்ணதால கெடச்சுது, அதிர்ஷ்டம். ஆட்டோமேட்டிக்ல வண்டி உங்கள ஓட்டும் சார். இதுல நீங்க வண்டிய ஓட்டுவீங்க. அந்த ஃபீலே தனி."

வாயில் வந்ததை விழுங்கினேன். அந்த ஃபீல் என் முழங்காலில் மழைக்கு முந்தின நாளே வந்துவிடும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. குப்பை லாரிக்குக் கிளட்ச் ஒழிந்தது, பவுசுக் காருக்குக் கிளட்ச் வந்துவிட்டது. உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று யாராவது எனக்கு ஒரு தடவை விளக்கமாகச் சொன்னால் தேவலை.

"பழைய வண்டி எங்க?"

"எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேன். அது ஆட்டோமேட்டிக்தான மாமா, பொம்மை வண்டி. ஆபீஸ்ல எல்லாரும் கிண்டல் பண்றானுங்க."

"போனஸ்?"

அவன் காரின் கூரையைத் தடவினான். "முன்பணத்துக்கே சரியாப் போச்சு மாமா. உங்களது எங்க போகுது? நான் எங்க போறேன்?"

மனைவி சட்டென்று சுவரில் மாட்டியிருந்த கார்ப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சாவி கொடுக்கிற நேரத்தில் டை பையன் லைசென்ஸ் கேட்டான். மைத்துனன் எடுத்து நீட்டியது என் கை வழியாகப் போனது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான், கையில் எந்தத் தாள் வந்தாலும் படிக்காமல் விடமாட்டேன். அட்டையின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. கியர் இல்லாத வண்டி மட்டும்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"கத்துக்கிட்டு மாத்திக்கலாம் மாமா. வீடு வரைக்கும் நீங்க ஓட்டிட்டு வந்துடுங்க. உங்கள விட்டா யாரு இருக்கா நமக்கு?"

"கடன் குடுக்க, காரு ஓட்ட, எல்லாத்துக்கும் நான்தான். உங்கக்காவக் கட்டினப்ப இதெல்லாம் எழுதி வாங்கினீங்களா?"

"கடைக்குள்ள மானத்த வாங்காதீங்க" என்றாள் மனைவி, கார்ப் படத்திடம்.

ஓட்டினேன். வேறென்ன செய்வது? பூப்போல இருந்தது கிளட்ச், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடைவீதி நெரிசலில் பூவையும் ஐம்பது தடவை மிதித்தால் கால் கணக்குக் கேட்கிறது. வீட்டு வாசலில் இறங்கியபோது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைத்துனன் எல்லாக் கோணத்திலும் காரைப் படமெடுத்து, "என் முதல் கியர் வண்டி" என்று ஊருக்கெல்லாம் அனுப்பினான். ஓட்டியது யார் என்று படத்தில் இல்லை.

அதற்கப்புறம் அது அவன் வீட்டு வாசலில் நின்றது. அவன் பஸ்ஸில் வேலைக்குப் போனான். விடுமுறை நாளில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழக வேண்டும் என்றான். மைதானத்தைச் சுற்றினோம், அதாவது சுற்றப் பார்த்தோம். கிளட்ச்சை அவன் மெதுவாக விடமாட்டான். கரப்பான்பூச்சியை மிதித்துவிட்டுக் காலை எடுக்கிற மாதிரி வெடுக்கென்று எடுப்பான். வண்டி ஒரு குதி குதித்துச் செத்துப்போகும்.

"ஏன்டா, காலு உன்னோடதுதானா, வாடகைக்கு எடுத்ததா?"

"நீங்க கத்துறதாலதான் மாமா பதட்டமாகுது."

"நான் கத்தலைன்னா அந்தச் சுவரு கத்தும்."

கருகின வாசம் வரும். புது வண்டி வாசம் என்பான். என் மூக்குக்கு அந்த வாசம் இருபது வருடப் பழக்கம், இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. பேசினால் மறுபடியும் பணத்தில்தான் போய் நிற்கும். பணம் என்றால் அவனுக்கு உடனே பசிக்கும், எழுந்து போய்விடுவான்.

இந்த லட்சணத்தில், நான் வேலை முடிந்து வந்த ஒரு சாயங்காலம், நேராகத்தானே ரோடு என்று மேம்பாலத்தில் ஏற்றிவிட்டான். ஏற்றத்தின் பாதியில் முன்னால் போன பஸ் நின்றது. நாங்களும் நின்றோம். பஸ் கிளம்பியது, எங்கள் வண்டி செத்தது. திரும்ப உயிர் கொடுத்தான், திரும்பச் செத்தது. பின்னால் ஹாரன். வண்டி கொஞ்சம் பின்னால் வழுக்கியது. நான் கை பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். அவன் நெற்றியெல்லாம் வியர்வை.

"மாமா, நீங்க வந்து உக்காருங்க."

கதவைத் திறந்து காலை ஊன்றினேன். முழங்கால் மடங்கிவிட்டது. காலையிலிருந்து பெல்ட்டில் நின்ற கால், பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. திரும்பவும் அதே சீட்டில் விழுந்தேன்.

பின்னால் வேன்காரன் தலையை வெளியே நீட்டி, "யோவ், அங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்றான்.

கால் இருக்கிறவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. ஓட்டத் தெரிந்தவனுக்குக் கால் இல்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கியர் தண்டை நான் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொல்றப்ப அமுக்கு, சொல்றப்ப விடு. நீயா எதுவும் பண்ணாத. யோசிக்கவே யோசிக்காத."

"சரி மாமா."

"அமுக்கு." ஒன்றாம் கியர் போட்டேன். "ஆக்ஸிலேட்டர் கொஞ்சம். இப்ப விடு. மெதுவாடா. இன்னும் மெதுவா. குழந்தைய எறக்கி விடற மாதிரி." கை பிரேக்கைத் தளர்த்தினேன். வண்டி நடுங்கியது. ஏறியது.

"அமுக்கு. விடு." ரெண்டு. "அமுக்கு. விடு." மூன்று. இப்படியே பாலம் இறங்கி, கடைவீதி தாண்டி, ரெண்டு ஆள் சேர்ந்து ஒரு டிரைவராக வீடு வந்து சேர்ந்தோம். தொண்டை கட்டிப்போனது எனக்கு. "நம்ம ரெண்டு பேரும் நல்ல ஜோடி மாமா" என்றான். கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன், வண்டி நின்ற பிறகும் அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் என்னால் பெல்ட்டில் நிற்க முடியவில்லை. அதற்கு மறுநாளும். கூலி போனது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, கட்டுகிறீர்களா, வேறு ஆளுக்குக் கொடுக்கட்டுமா என்று. மனைவிதான் பேசினாள். "கட்டுறோம்" என்றாள். போனை வைத்துவிட்டு என் வீங்கின காலைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டினாள். நானும் தடி ஊன்றிப் பின்னாலேயே போனேன். தம்பியைப் பார்க்கப் போகிற நடையாக அது இல்லை.

மைத்துனன் காரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு இத ஓட்டத் தெரியாது. அவருக்கு நடக்க வராது. ரெண்டுல எத விக்கலாம், சொல்லு" என்றாள். "கால வாங்க ஆள் இல்லடா. இருந்தா அதையே வித்திருப்போம்."

"அக்கா, இன்னும் ஒரு மாசம் பழகினா…"

"உன் பழக்கத்துல அவரு படுத்துட்டாரு. அந்தக் கடைக்காரன் என்ன சொன்னான்? மாசக்கணக்கா ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்கன்னுதானே? அதுல ஒருத்தரக் கூப்பிடு. இப்பவே கூப்பிடு, நான் இங்கயே நிக்கிறேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் உதவிக்கு வருவேன் என்று நினைத்தானோ என்னவோ. நான் காரின் சக்கரத்தைப் பார்த்தேன். போனை எடுத்தான்.

டை பையன் சொன்னது பொய்யில்லை. ரெண்டாம் நாளே ஒரு பெண் வந்தாள், முடியை ஒட்ட வெட்டியவள், கூடவே அவள் அம்மா. போட்ட விலைக்கு மேலேயே தரத் தயாராக இருந்தாள். இஞ்சினைப் போட்டுவிட்டு மூக்கைச் சுருக்கினாள்.

"கிளட்ச் கருகின மாதிரி வாசம் வருதே?"

"புது வண்டி வாசம்" என்றான் மைத்துனன்.

நான் தொண்டையைச் செருமினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தான் பழகினேன்" என்றான். அவள் சிரித்துவிட்டு விலையில் கொஞ்சம் குறைத்தாள். கார்க் கடனும் பழைய வண்டியின் பாக்கியும் அடைந்தது போக மிச்சம் வந்ததில் அக்கா கையிலேயே எண்ணி வைத்தான். நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு. மனைவி இன்னொரு தடவை எண்ணினாள். தம்பிதான், இருந்தாலும் எண்ணினாள். அவன் கையில் மிஞ்சியது பஸ் பாஸ் வாங்கப் போதும்.

அந்தப் பெண் கண்ணாடியைச் சரிபண்ணி, அம்மாவின் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்து, அலுங்காமல் வண்டியை எடுத்தாள். மைத்துனன் தெருவில் இறங்கி நின்றான். வண்டி தெருக்கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இஞ்சின் சத்தம் ஏறி, இப்போது ரெண்டாம் கியர் கேட்கும் என்கிற இடத்துக்கு வந்தபோது, அவனுடைய இடது கால், ரப்பர் செருப்போடு, மண்ணை அமுக்கியது. அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக, விட்டது.