வெட்டிய வேம்பின் நிழல்

அல்வாலில் மோகன் வீட்டு வேப்பமரம், மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று ஒரு பிப்ரவரி மாதம் அடியோடு வெட்டப்பட்டது. மரம் லாரியில் போயிற்று. நிழல் போகவில்லை. மறுநாளும் அது பழைய இடத்திலேயே இலைகள் அசையக் கிடந்தது. வெயில் ஏற ஏறச் சுருங்கியது, சாயச் சாய நீண்டது. மோகன் பல் துலக்கியபடி அதைப் பார்த்தான், வாய் கொப்பளித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினான். ஆறு மாதமாக எல்லாவற்றையும் அவன் அப்படித்தான் பார்த்தான். எதைத் தின்றாலும் ஒரே ருசி.

அந்த நிழலுக்குள் ஒரு கருங்கல் பாறை இருந்தது, வீடு கட்டியவர்கள் உடைக்க முடியாமல் விட்டுப்போனது. அதன் வடக்குப் பிளவில் சரளையும் இலைமக்கும் திணித்து அவன் மனைவி அக்ஷதா இமயமலைச் செடி ஒன்றை வளர்த்தாள். பிரிமுலா என்று பெயர். பனிமலையில் பாறையிடுக்கு நிழலில் வாழ்வது. நேர்வெயில் பட்டால் கருகிவிடும். இந்த ஊரில் அது பிழைக்கும் என்று யாரும் நம்பவில்லை. அவள் வேரடியில் ஐஸ்கட்டி வைத்தாள். நாலு மணிக்கு மேல் வெயில் கிளைகளுக்கு அடியில் நுழைந்து பிளவைத் தொடும் என்பதால் அந்நேரத்துக்கு ஈரச் சாக்கு கட்டினாள். செடி இரண்டு கோடையைத் தாண்டியது. மூன்றாவதற்கு அவள் இல்லை; ஆகஸ்டில் டெங்கு வந்து போய்விட்டாள்.

அவள் அம்மா லலிதாம்பாள் ஞாயிறுதோறும் நகரின் மறுகோடியில் இருந்த உப்பலிலிருந்து வந்தாள், மருமகனைப் பார்க்க அல்ல, செடியைப் பார்க்க. ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுபோனவன் என்று அவன்மேல் சந்தேகம். மரம் போனதும் அது முற்றியது.

"உண்மையச் சொல்லுங்க மாப்ளே. வெட்டச் சொன்னது நீங்கதானே?"

"நான் ஆபீஸ்ல இருந்தேன் அத்தை."

"எப்பவும் ஆபீஸ்லதான் இருந்தீங்க."

ஓர் இலை கருகினாலும் செடியைப் பெயர்த்து உப்பலுக்கு எடுத்துப் போய்விடுவேன் என்றாள். அங்கே மேற்கு பார்த்த பால்கனி ஒன்றுதான். செடி ஒரு வாரம் தாங்காது. மோகன் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் சந்தேகப்படுவாள்.

தெருவும் நிழலை நம்பவில்லை. மரத்தை வெட்டிய இர்பான் திரும்ப வந்து, "ஹமீச் காட்டே நா, பிர் கைக்கு சாயா?" நாமதானே வெட்டினோம், பிறகு ஏது நிழல் என்று தன் வேலையையே சந்தேகப்பட்டுத் தலையைச் சொறிந்தான். வடாம் காயாத கோபத்தில் எதிர்வீட்டு லூர்துமேரி, "நெழல் இருக்கட்டும் தம்பி, மரத்த எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கேட்டாள். மோகனுக்கும் நம்பிக்கை இல்லை. இருப்பது போகும் என்று அவனுக்குத் தெரியும். போனது இருப்பதுதான் உறுத்தியது. தினமும் ஒரு கையை நிழலிலும் மறு கையை வெயிலிலும் நீட்டிப் பார்ப்பான். நாளைக்கு இருக்காது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போவான்.

மே மாதம் ஓர் இலையின் ஓரம் பழுத்தது. லலிதாம்பாள் தொட்டியும் கொத்துக்கரண்டியுமாக வந்துவிட்டாள். பாறையடியில் குந்தி அவள் முதல் சரளையைக் கிளறியபோது நாலு மணி. வெயில் பிளவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. மோகன் சாக்கை எடுக்க ஓடினான். அவன் வருவதற்குள் ஒரு கிளையின் நிழல் மட்டும், வெயிலுக்கு எதிர்த்திசையில் இறங்கி, பிளவின்மேல் படிந்துகொண்டது. அதன் ஓரம் சாக்கின் ஓரம்போலப் பிசிறியிருந்தது. லலிதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது தெனமும் நடக்குதா?"

"தெரியாது அத்தை. ஞாயித்துக்கிழமை சாக்கு கட்டிடுவேன், மத்த நாள் இந்நேரம் ஆபீஸ்ல இருப்பேன்."

"நான் வந்து பாக்குறேன்."

அந்தக் கோடை முழுக்கத் தினமும் பஸ் பிடித்து வந்து, நாலு மணிக்கு நாற்காலி போட்டு, கைதியைக் காவல் காப்பதுபோல நிழலை முறைத்துக்கொண்டிருந்தாள். அது ஒரு நாளும் தவறவில்லை. மழைக்காலத்தில் முழங்கால் வலி என்று அக்ஷதாவின் அறையிலேயே தங்கிவிட்டாள். ஜனவரியில் செடி ஊதா நிறத்தில் பூத்தது.

துக்க வருஷம் கழிந்து வந்த சித்திரையில் நிழலும் பூத்தது. தரையெங்கும் பொடிப்பொடிப் புள்ளிகள். லலிதாம்பாள் பழைய வேட்டியை விரித்து, கண்ணுக்குத் தெரியாத எதையோ கூட்டி அள்ளினாள். லூர்துமேரி ரசத்துக்கு என்று ஒரு பிடி வாங்கிப்போனாள். மிச்சத்தை நெய்யில் வறுத்து மாங்காய்ப் பச்சடியில் போட்டு லலிதாம்பாள் பரிமாறினாள். மோகன் ஒரு வாய் தின்றான்.

"பூ கொஞ்சம் ஜாஸ்தி அத்தை, கசக்குது," என்றான்.

அவள் இன்னொரு கரண்டி போட்டாள்.