ஹாஜியாரின் திங்கட்கிழமை நோன்பு

ஸலாஹுதீன் ஹாஜியாரின் ஈரல் சுருங்கிப்போன விசயம் ஊருக்குத் தெரியக்கூடாது. உயிர் போனாலும் தெரியக்கூடாது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். உயிர் உண்மையாகவே வாசல் வரை போய்த் திரும்பிய பிறகும் அந்த நினைப்பில் பெரிய மாற்றமில்லை.

எல்லாம் ஒரு படத்தால் வந்தது. மூன்று வருடத்துக்கு முன், புத்தளம் வீதியில் சாராயக் கடையொன்று திறக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. பள்ளிவாசல் நிர்வாக சபைத் தலைவரான ஹாஜியார் கொதித்துப்போய் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். அது போதாதென்று ஆறடி உயரத்தில் ஒரு பதாகை அடித்துச் சந்தி மதிலில் தொங்கவிட்டார். இடது பக்கம் வழுவழுவென்று நல்ல ஈரல். வலது பக்கம் கறுத்து, முடிச்சு முடிச்சாகச் சுருங்கி, அவித்த கிழங்கு மாதிரி இன்னொரு ஈரல். கீழே அவரே மூன்று நாள் யோசித்து எழுதிய வரி: ‘குடிகாரனைக் காட்டிக்கொடுப்பது அவன் ஈரல்.’

கடை திறக்கவில்லை. பதாகை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அந்த இரண்டு ஈரல்களையும் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

போன மாசியில் ஹாஜியார் தன் உப்புக் களஞ்சியத்தில் கதிரையை விட்டு எழும்பினார், தலை சுற்றியது, குனிந்தார். வாளி நிறைய இரத்தம் கக்கினார். அம்புலன்ஸில் ஏற்றி, முந்தல் தாண்டி, சிலாபமும் தாண்டி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார். ஈரல் இறுகியதால் அதற்குள் போகவேண்டிய இரத்தம் வழியில்லாமல் உணவுக்குழாயின் நரம்புகளில் போய்த் தேங்கிப் புடைத்திருக்கிறது, அதிலொன்று வெடித்துவிட்டது. குழாய் விட்டு, புடைத்த நரம்புகளை உறிஞ்சிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி றப்பர் வளையம் மாட்டியிருக்கிறார்கள். மூன்று கிழமைக்கொரு முறை வந்து, நரம்புகள் வற்றும்வரை இதையே செய்ய வேண்டும். வராவிட்டால் திரும்ப வெடிக்கும். அடுத்த வாளி நிறையும்போது அம்புலன்ஸ் வந்துசேரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

குடியா காரணம் என்று ஹாஜியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்லை, இருபது வருட சீனி வருத்தமும் கொழுப்பும் என்றார் டொக்டர். பிரியாணியும் வட்டிலப்பமும் சாராயம் செய்யும் வேலையைச் சாராயமில்லாமலே செய்து முடித்திருந்தன. ஹாஜியாருக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதியைச் சந்தியில் தொங்கிய படம் விழுங்கிவிட்டது. அதில் கொழுப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மூன்று நாள் யோசித்தவருக்கு அது தோன்றவில்லை.

ஊருக்கு அல்சர் என்று சொல்லியாயிற்று. ஆனால் வளையம் போடும் நாள் திங்கட்கிழமை. இரவிலிருந்து வெறும் வயிறு. வழியில் கண்டவனெல்லாம் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுவான். ஹாஜியார் யோசித்து, நோன்பு என்றார். திங்கட்கிழமை நோன்பு சுன்னத்து, நபிவழி. யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். மூன்று கிழமைக்கொரு முறை மட்டும் சுன்னத்து வந்தால் சந்தேகம் வரும் என்பதால் எல்லாத் திங்களும் நோன்பு என்று அறிவித்தார். ஆஸ்பத்திரி இல்லாத திங்கள்களில் அறையைப் பூட்டிக்கொண்டு பகல் சோறு சாப்பிட்டார். மனைவி மர்ளியா துவாயால் மூடித் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“கொழுப்பால வந்த வருத்தம்னு சொல்லிட்டுப் போங்களேன்” என்று அவள் ஒருநாள் கேட்டாள். “அதுல என்ன வெக்கம்?”

“சந்தியில தொங்குற படத்த நீ பாத்தீக்கியா?”

மர்ளியா வெறும் தட்டைத் திரும்பத் துவாயால் மூடிக்கொண்டு போனாள்.

இரண்டாம் முறை ஆஸ்பத்திரி வாங்கில் அவருக்குப் பக்கத்தில் பஸ்தியான் உட்கார்ந்திருந்தான். கற்பிட்டிப் பக்கத்து மீனவன். கண் மஞ்சள், வயிறு பானை. அவன் ஹாஜியாரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தொழில்காரன் தொழில்காரனை விசாரிக்கும் தோரணையில் கேட்டான்.

“முதலாளி என்ன சாமான் பாவிச்சது? சாராயமா, கசிப்பா?”

“நான் வாழ்க்கையில குடிச்சதேயில்ல.”

“இஞ்ச வாற எல்லாரும் முதல்ல அதத்தான் சொல்லுற. நானும் மூண்டு முறை சொன்னனான்.”

பிறகு அவன் தன் கதையைச் சொன்னான். வளையம் போட்ட ஐந்தாம் நாள் பொரித்த கருவாடு கேட்டு வீட்டில் சண்டை பிடித்துத் தின்றிருக்கிறான். இரத்தம் வந்தது கடலில், தோணியில் இருக்கும்போது. கரைக்கு வந்த தூரத்தை அவன் விரலால் காட்டினான். அந்த விரல் ஹாஜியாரின் மனதில் நின்றுவிட்டது.

அன்று ஐந்து வளையம் போட்டார்கள். தாதி ஷானிகா துண்டில் எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல் வாயாலும் சொன்னாள்: “தயிர், ஆறின கஞ்சி, அவ்வளவுதான். ஒரு கிழமைக்கு எலும்பு, முள்ளு, பொரிச்சது ஒண்டும் வேணாம். காயம் ஆறமுந்தி வளையம் கழண்டா, நீங்க இஞ்ச வந்து சேரமாட்டீங்க.”

பின்னேரம் தொண்டை எரிய வீட்டுக்கு வந்தால், பள்ளிவாசல் செயலாளர் முஹ்ஸின் வாசலில் நின்றார். முஹ்ஸினின் வயிறு அவருக்கு அரை அடி முன்னால் எங்கும் போய்ச் சேரும். தலைவர் திங்கள்தோறும் நோன்பு பிடிப்பதைக் கண்டு நிர்வாக சபையில் இன்னும் சிலர் பிடித்திருக்கிறார்களாம். இன்று எல்லோரும் சேர்ந்து மதரஸா மண்டபத்தில் நோன்பு திறப்பதாம். தலைவருக்கு ஒரு மரியாதையாம். ஹாஜியாருக்கு மறுக்க வழி தெரியவில்லை. நோன்பு திறக்கிற இடத்தில் கஞ்சி இருக்குமே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு போனார்.

கஞ்சி இருந்தது. ஆறவைத்து, சொட்டுச் சொட்டாக விழுங்கினார். மஃரிப் தொழுகை முடிந்து, இனி வீட்டுக்குப் போகலாம் என்று தொப்பியைச் சரிசெய்தபோது சஹன் வந்தது.

பெரிய தட்டு ஒன்று, சுற்றிவர ஆறு பேர், எல்லோர் கையும் ஒரே சோற்றில். தனித் தட்டென்றால் பிசைந்து, ஒதுக்கி, தின்றதுபோலக் காட்டி ஊரை ஏய்க்கலாம். சஹனில் ஐந்து சோடிக் கண்கள் ஆறாவது கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். போதாததற்கு மூத்தவர் கை வைக்காமல் மற்றவர்கள் தொடமாட்டார்கள். முஹ்ஸின் மொறுமொறுவென்று பொரித்த கோழித் தொடையொன்றை எடுத்து, எலும்பு துருத்திக்கொண்டு நிற்க, ஹாஜியாரின் பக்கத்துச் சோற்றில் நட்டுவைத்தார்.

“பிஸ்மி சொல்லித் தொடங்குங்க ஹாஜியார். பகல் முழுக்கப் பட்டினி கெடந்த மனுசன்.”

ஹாஜியார் கோழியைக் கையில் எடுத்தார். நாற்பது வருடம் சம்பாதித்த பெயர் ஒரு பக்கம். ஐந்து றப்பர் வளையம் ஒரு பக்கம். பெயர்தான் கனம் என்று கோழியை வாய்வரை கொண்டுபோனார். அப்போது பஸ்தியானின் விரல் நினைவுக்கு வந்தது. கரை அவ்வளவு தூரத்தில் இருந்தது. அவர் கோழியைச் சோற்றில் வைத்தார்.

“நான் இண்டைக்கி நோன்பில்ல” என்றார். “போன திங்களும் இல்ல. ஒரு திங்களும் இல்ல. எனக்கி ஈரல் சுருங்கிட்டு. காலையில தொண்டைக்குள்ள வளையம் போட்டுட்டு வந்தீக்கிறன். இதத் திண்டா இரத்தம் கக்கி மௌத்தாகிருவன்.”

முஹ்ஸின்தான் கேட்டார், மிகவும் மரியாதையான குரலில்.

“படத்துல ஈக்கிற ஈரலா ஹாஜியார்?”

“அதே ஈரல்தான்.”

கொழுப்பு, சீனி, டொக்டர் சொன்னது எல்லாவற்றையும் அவர் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். மூத்தவர் கை வைக்காத சஹன் அன்று எப்படியோ காலியானது.

வெள்ளிக்கிழமைக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கொழுப்பு என்பது டொக்டர்மார் பெரிய மனிதர்களுக்குச் சொல்லும் கதை என்றார் முஹ்ஸின், ஆள் ஆளாகப் பிடித்து, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று. உப்புக் களஞ்சியத்தைப் பின்னேரத்தில் ஏன் உள்ளால் பூட்டினார் என்று இப்போதல்லவா விளங்குகிறது என்றார்கள் சிலர். ஹாஜியாரின் மனம் நோகக்கூடாதென்று நிர்வாக சபை பதாகையைக் கழற்றியது. அது தொங்கிய இடத்தில் மதில் வெள்ளைவெளேரென்று ஆறடி உயரத்துக்குத் தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் இப்போது அதைப் பார்த்தார்கள். படத்தைவிட அது தெளிவாகப் பேசியது. நோன்புப் பொய்க்காகத் தலைவர் பதவியும் போனது. பகல் சோற்றை மட்டும் அவர் கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டார்.

மூன்று கிழமை கழித்து, திங்கட்கிழமை, அவர் முதல் பஸ்ஸில் பகிரங்கமாக ஏறினார். குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், நரம்புகள் வற்றிவருகின்றன, இரண்டு வளையம் போதும் என்றார். ஹாஜியார் தொண்டையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். வாங்கில் பஸ்தியான் இருந்தான். அவனுக்கு அப்பால், வயிறு முன்னாலும் முகம் சுவர்ப் பக்கமுமாக, முஹ்ஸின் இருந்தார். கால்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. ஊரில் அவரும் அன்று நோன்பாம். மர்ளியா முதல்நாள் இரவே கேள்விப்பட்டுச் சொல்லியிருந்தாள்.

ஹாஜியார் நிதானமாகப் போய் முஹ்ஸினின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன சாமான் தம்பி?” என்று கேட்டார். “சாராயமா, கசிப்பா?”

முஹ்ஸினின் உதடு காய்ந்திருந்தது. “அல்லா மேல ஆணையா, நான் குடிக்கிறல்ல ஹாஜியார்.”

பஸ்தியான் வாயைத் திறந்தான். ஹாஜியார் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். இந்த ஒரு வரியை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை.

“இங்க வாற எல்லாரும்” என்றார், “முதல்ல அதத்தான் சொல்ற.”